கையேட்டைத் திருத்துவதும் விஞ்ஞானப் பணியே

ஒரு கருவி எவ்வளவு நுட்பமாக அமைந்திருப்பினும், அதனைக் கையாளும் முறையைக் கூறும் ஏடு பிழையுடையதாயின் கருவியால் விளையும் பயன் குறைந்துவிடும். இதனை மறுப்பார் எவருமிலர். ஆயினும் கருவியை ஆக்கியவரைப் போற்றும் நாம், அதன் கையேட்டில் ஒரு வரியைத் திருத்தியவரை எழுத்துப்பிழை பார்ப்பவராக மட்டுமே கருதி வருகிறோம். இக்கருத்து மாறவேண்டும், கையேட்டைத் திருத்தும் பொறுப்பில் களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும் உரிய இடம் தரப்படவேண்டும் என்பதை இங்கு வற்புறுத்த விரும்புகிறேன்.

கொச்சியைச் சேர்ந்த தோப்பும்படியில் ஒரு மீன்பிடித் துறைமுகம் உள்ளது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் முதலிய கடற்கரை ஊர்களின் மீனவர் பலர் இங்கிருந்து ஆழ்கடலுக்குச் செல்கின்றனர். கடலிலிருந்து கரைக்கு வரும் மீனின் அளவை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மதிப்பிட்டு வருகிறது. 1947-இல் நிறுவப்பெற்று, 1971-இல் மண்டபத்திலிருந்து கொச்சிக்கு மாற்றப்பெற்ற இந்நிலையம் எல்லாப் படகுகளையும் எண்ணுவதில்லை. கடற்கரையைப் பகுதிகளாக வகுத்து, நாட்களையும் படகுகளையும் மாதிரியாகத் தேர்ந்தெடுத்து, அவற்றினின்று மொத்தத்தைக் கணிக்கிறது. ஆகவே ஒரு படகைப் பற்றிய குறிப்பில் நேரும் பிழை, பல படகுகளின் கணக்கில் பெருகி நிற்கும்.

இத்தகைய பணிக்குரிய ஒரு கையேடு, ‘பெட்டிகளின் எண்ணிக்கையை எழுதுக’ என்று மட்டும் கூறுவதாக வைத்துக்கொள்வோம். பெட்டி எத்தனை கிலோகிராம் கொள்ளும்? பனிக்கட்டியைச் சேர்த்தா, நீக்கியா? ஓர் ஊழியர் ஒருவிதமாகவும் மற்றவர் வேறுவிதமாகவும் பொருள் கொள்வர். இருவரும் நேர்மையாகவே பணியாற்றினும் இருவர் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்தா. இங்குக் குறை வாக்கியத்தில் உள்ளது. அதனை முதலில் உணர்பவர், துறைமுகத்தில் பெட்டியின் அருகே நிற்கும் ஊழியரே. கையேட்டை எழுதியவர் அல்லர்.

கடற்படங்களைத் தயாரிப்போர் இதனை நெடுங்காலமாக அறிவர். தேராதூனிலுள்ள தேசிய நீரளவை அலுவலகம், இந்தியக் கடற்படங்களில் செய்யவேண்டிய திருத்தங்களைக் கடலோடிகளுக்கான அறிவிப்பாகப் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை வெளியிடுகிறது. படத்தில் காட்டப்பெறாத ஓர் இடரையோ, படத்தோடு மாறுபடும் ஆழத்தையோ காணும் மாலுமி அதனைத் தெரிவிப்பதற்கென்று தனிப் படிவமும் உண்டு. செய்த திருத்தத்தின் எண்ணும் ஆண்டும் படத்தின் இடப்புறக் கீழ் மூலையில் குறிக்கப்படும். அதனைப் பார்த்தே படம் எந்நாள் வரை திருத்தப்பட்டது என்பதை அறியலாம்.

கணிப்பொறித் துறையில் இம்முறையைச் சிறப்பாகக் கைக்கொண்டு வருவது, பைத்தான் மொழியில் அமைந்த ஜாங்கோ என்னும் வலைச் சட்டகமாகும். எந்த வலைத்தளமாயினும் தகவலைப் பெறுதல், சேமித்தல், பயன்படுத்துவோரின் உரிமையைச் சரிபார்த்தல், பக்கத்தைக் காட்டுதல் ஆகிய பொதுப் பணிகளைச் செய்தாகவேண்டும். இவற்றை ஒவ்வொருவரும் புதிதாக எழுதாதவாறு, ஆயத்தமாகத் தருவதே வலைச் சட்டகம். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்னும் ஊரின் செய்தித்தாள் அலுவலகத்தில், 2003-இல் ஏட்ரியன் ஹோலோவாட்டி, சைமன் வில்லிசன் ஆகியோர் தொடங்கிய இப்பணி, 2005 ஜூலையில் அனைவரும் எடுத்தாளுமாறு பொதுவில் வெளியிடப்பெற்றது.

ஜாங்கோவின் கையேடு, அதன் நிரலோடு ஒரே களஞ்சியத்தில் வைக்கப்பட்டுள்ளது. நிரலில் ஒரு புதிய வசதியைச் சேர்ப்பவர் அதற்குரிய விளக்கத்தையும் உடன் எழுதித் தரவேண்டும். கையேடு நான்கு வகையாகப் பகுக்கப்பட்டுள்ளது: தொடக்கநிலைப் பயிற்சி, பொருள்விளக்கம், குறிப்பிட்ட வேலைகளுக்கான செய்முறை, முழு விவரக் குறிப்பு. புதிதாகக் கற்பவரையும், ஒரு விவரத்தை மட்டும் தேடும் அனுபவசாலியையும் ஒரே பக்கத்தில் நிறைவு செய்ய இயலாது என்பதாலேயே இப்பகுப்பு ஏற்பட்டது.

பிழை கண்ட எவரும், உலகின் எம்மூலையிலிருந்தும், திருத்திய வாசகத்தை அனுப்பலாம். சிறு எழுத்துப்பிழையாயின் முன்கூட்டியே விண்ணப்பம் பதிவு செய்யவும் வேண்டுவதில்லை. சொற்களின் எழுத்துக்கூட்டை இயந்திரமே சோதிக்கும்; பொருளை அனுபவமுடைய ஒருவர் சோதிப்பார். ஏற்கப்பட்ட திருத்தம், அதனைச் செய்தவர் பெயரோடும் நாளோடும் நிலையாகப் பதிவாகும். கையேட்டுத் திருத்தங்கள் அடுத்த பதிப்பு வரும்வரை காத்திராமல், வழக்கில் உள்ள பதிப்பின் ஏட்டிலும் பெரும்பாலும் சேர்க்கப்படுகின்றன.

மெருகூட்டுதல் என்றால் அழகிய சொற்களைப் பெய்தல் என்று எண்ணுவது தவறு. ஜாங்கோ கையேட்டை எழுதுவோருக்கான நெறிகளுள் ஒன்று கருதத்தக்கது. ‘எளிதாக’, ‘வெறுமனே’ போன்று ஒரு வேலையின் கடினத்தைக் குறைத்துக் காட்டும் சொற்களை இயன்றவரை தவிர்க்கவேண்டும் என்பது அந்நெறி. எளிது என்று எழுதப்பட்ட வேலையைச் செய்ய இயலாத மாணவன், ஏட்டை ஐயுறாமல் தன் அறிவையே ஐயுறுவான். நம் பாடநூல்களிலும் பயிற்சிக் குறிப்புகளிலும் இத்தகைய சொற்கள் எத்தனை இடங்களில் உள்ளன என்பதை ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

ஏட்டைக் காலத்திற்கேற்பத் திருத்தாமையின் விளைவை நம் பள்ளிகளைக் கொண்டே விளக்கலாம். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2019-20 கல்வியாண்டில், பன்னிரண்டாம் வகுப்புக் கணிப்பொறி அறிவியலில் ஜாங்கோவைக் கொண்டு ஒரு சிறு வலைப் பயன்பாட்டை அமைக்கும் பயிற்சியைச் சேர்த்திருந்தது. பின்னர் அப்பகுதி நீக்கப்பட்டது. வலைமுகவரியை அதற்குரிய நிரலோடு இணைக்க, பழைய ஜாங்கோவில் ‘யூஆர்எல்’ என்னும் கட்டளை வழங்கியது. 2017 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பு ‘பாத்’ என்னும் புதிய கட்டளையைத் தந்தது. 2021 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பில் பழைய கட்டளை அறவே நீக்கப்பட்டது. பழைய கட்டளையைக் கொண்டு எழுதிய பாடக்குறிப்பை இன்றைய பதிப்பில் பின்பற்றும் மாணவனுக்கு முதற் பக்கமும் தோன்றாது. குறிப்பின் தலைப்பில் ‘இது இன்ன பதிப்பிற்குரியது’ என்ற ஒரு வரி இருப்பின் அவன் பல மணி நேரம் அலைய வேண்டியதில்லை. ஜாங்கோவின் சொந்தக் கையேடோ பதிப்புதோறும் தனித்தனியே பேணப்படுகிறது. எவ்வசதி எப்பதிப்பில் புகுந்தது என்பதும் அங்கங்கே குறிக்கப்படுகிறது.

எல்லோரும் கைவைத்தால் ஏடு கெட்டுவிடாதா என்று சிலர் வினவுவர். வினா நியாயமானதே. திருத்தத்தை முன்மொழியும் உரிமை அனைவர்க்கும் இருப்பினும், அதனை ஏற்கும் பொறுப்பு ஜாங்கோவில் சிலரிடமே உள்ளது. மாலுமியின் அறிக்கையும் ஆராயப்பட்ட பின்னரே கடற்படத்தில் ஏறுகிறது. அன்றியும், முன்மொழிய வழியில்லாத இடத்தில் பிழை மறைந்து போவதில்லை. அனுபவசாலிகள் அதனை வாய்மொழியாகத் தமக்குள் திருத்திக்கொள்வர். புதிதாக வந்தவர் மட்டும் அச்சிட்டதை நம்பித் தவறுவார்.

ஆதலின் நம் நிறுவனங்கள் மூன்று காரியங்களை உடனே மேற்கொள்ளலாம். முதலாவது, ஒவ்வொரு கையேட்டிலும் பதிப்பு எண்ணையும் இறுதியாகத் திருத்திய நாளையும் அச்சிடுதல். இரண்டாவது, பிழையை யாருக்குத் தெரிவிப்பது என்பதை முதற் பக்கத்திலேயே குறித்து, வரும் திருத்தத்திற்கு ஏற்றோம் என்றோ, இன்ன காரணத்தால் ஏற்கவில்லை என்றோ விடை தருதல். மூன்றாவது, ஏற்கப்பட்ட திருத்தத்தை அனுப்பியவர் பெயரை ஏட்டிலும் அவரது பணிப் பதிவிலும் சேர்த்தல். இவற்றுள் எதற்கும் பெரும் பொருட்செலவு தேவையில்லை.

தமிழில் மொழிபெயர்ப்போர்க்கும் இதில் தனிப் பங்கு உண்டு. மூலத்தில் இருபொருள்பட நிற்கும் வாக்கியத்தை மொழிபெயர்ப்பவர், ஏதேனும் ஒரு பொருளைத் தேர்ந்தாக வேண்டிய நிலையில், அக்குறையைத் தெளிவாகக் காண்கிறார். அதனைத் தமிழில் மட்டும் சரிசெய்து விட்டுவிடாமல், மூலத்தை வெளியிட்டோருக்கும் எழுதுவது அவர் கடமை.

தோப்பும்படியில் படகுகளைக் கணக்கிடும் ஊழியரும், ஒரு சிற்றூர்ப் பள்ளியில் பைத்தான் கற்பிக்கும் ஆசிரியரும் தாம் பயன்படுத்தும் கையேட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கும் குறிப்புகள் பல. அவை அவ்வேட்டோடு அலமாரியில் உறங்குகின்றன. பக்க எண், உள்ள வாசகம், இருக்கவேண்டிய வாசகம், காரணம் என்ற நான்கு விவரங்களோடு அவற்றை உரிய அலுவலகத்திற்கு எழுதி அனுப்புமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.