திருகாணி டப்பா யாருக்குச் சொந்தம்?

குட்டீஸ்... உங்கள் எல்லார் வீட்டிலும் ஒரு டப்பா இருக்கும். பழைய பிஸ்கட் டின், ஊறுகாய் பாட்டில், பால் பவுடர் டப்பா... ஏதோ ஒன்று. பரண் மேலோ, மாடிப்படிக்கு அடியிலோ, சைக்கிள் நிறுத்தும் இடத்து ஜன்னல் ஓரத்திலோ அது உட்கார்ந்திருக்கும். திறந்து பார்த்தால் ஆணி, திருகாணி, போல்ட், நட்டு, வாஷர், கொக்கி, பழைய சாவி, உடைந்த கீல், எதில் இருந்து வந்தது என்றே தெரியாத ஒரு ஸ்பிரிங்... எல்லாம் ஒன்றோடு ஒன்று கட்டிப் பிடித்துக் கிடக்கும்!

நாற்காலிக் கால் ஆடினாலோ, குக்கர் கைப்பிடி கழன்றாலோ, அப்பா அந்த டப்பாவைத் தரையில் கவிழ்ப்பார். அரை மணி நேரம் தேடுவார். கடைசியில், "சே... ஒண்ணு கூடச் சேர மாட்டேங்குது!" என்று சொல்லி, எல்லாவற்றையும் மறுபடி அள்ளிப் போட்டு மூடுவார். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் உங்களுக்கு, "தொடாதே... கையைக் குத்திக்கும்!" என்று ஒரு அதட்டல்.

இதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. அந்த டப்பாவைப் பிரித்து அடுக்கும் பொறுப்பை உங்களிடம்தான் தர வேண்டும். எட்டு வயது ஆகிவிட்ட எந்தப் பிள்ளைக்கும் அந்த வேலை நன்றாக வரும். பையன், பெண் என்ற பேதமே இல்லை. அதனால் வீட்டுக்கும் லாபம், உங்களுக்கும் லாபம். ஏன் என்று சொல்கிறேன். சரியா, தப்பா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கடுகும் மிளகும் கலந்தால்?

சமையல் அறைக்குப் போய் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கடுகு, சீரகம், மிளகு, வெந்தயம், உளுத்தம்பருப்பு... ஒவ்வொன்றும் அதனதன் அறையில் இருக்கும். எண்ணெய் காய்ந்ததும் அம்மாவின் கை தானாகக் கடுகுக்குப் போகிறது; தேடுவதே இல்லை. அத்தனையையும் ஒரே டப்பாவில் கொட்டிக் கலக்கி வைத்தால், தாளிப்பதற்குள் எண்ணெய் கருகிவிடும்!

சமையல் அறையில் நாம் ஒருநாளும் செய்யாத தப்பை, திருகாணி டப்பாவில் மட்டும் வருஷக் கணக்கில் செய்துகொண்டே இருக்கிறோம். "இரும்புத் துண்டுதானே, எப்படிக் கிடந்தால் என்ன?" என்ற அலட்சியம்தான் காரணம்.

அலட்சியம் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் தெரியுமா? ஓர் உண்மைச் சம்பவம் சொல்கிறேன்.

விமானத்தைக் கவிழ்க்கப் பார்த்த போல்ட்!

1990ம் ஆண்டு, ஜூன் 10ம் தேதி. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் இருந்து ஸ்பெயினில் உள்ள மலகா நகருக்கு, பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று கிளம்பியது. பயணிகள் 81 பேர். விமான ஊழியர்கள் ஆறு பேர். 17 ஆயிரம் அடி உயரத்துக்கு மேல் போயிருந்தபோது, விமானியின் முன்னால் இருந்த கண்ணாடி, "படார்" என்று கழன்று பறந்துவிட்டது! விமானியின் உடம்பில் பாதி, அந்த ஓட்டை வழியே வெளியே இழுக்கப்பட்டது. ஊழியர்கள் அவரது காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டனர். துணை விமானி, இருபது நிமிடங்களுக்கும் மேல் போராடி, சவுத்தாம்ப்டன் நகரில் விமானத்தைப் பத்திரமாக இறக்கினார். நல்ல வேளை... வெளியே தொங்கிய விமானி உட்பட எல்லாருமே உயிர் பிழைத்தனர்.

விசாரணை நடந்தது. பறப்பதற்கு முந்தைய நாள்தான் அந்தக் கண்ணாடியைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். அதைப் பிடித்து நிறுத்துவதற்கு 90 போல்ட்டுகள். அவற்றில் 84 போல்ட்டுகள், இருக்க வேண்டிய பருமனை விடச் சிறியவை. எவ்வளவு சிறியவை? ஒரு மில்லி மீட்டரில் முக்கால் பங்கு கூட இல்லை! மீதி ஆறு போல்ட்டுகள் பருமன் சரி. ஆனால், நீளம் போதாது.

தப்பு எப்படி நடந்தது? போல்ட் வைத்திருந்த சிறு சிறு அறைகள் கொண்ட அலமாரி, வெளிச்சம் போதாத இடத்தில் இருந்தது. பெயர்ச் சீட்டுகள் பழசாகி மங்கிப் போயிருந்தன. வேலை செய்தவர், பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்து எடுத்துவிட்டார். அளந்து பார்க்கவில்லை.

நம் வீட்டு டப்பாவால் விமானம் விழப் போவதில்லைதான். ஆனால் சைக்கிள் பிரேக், ஊஞ்சல் கொக்கி, தம்பிப் பாப்பாவின் தொட்டில், மேலே சுற்றும் மின்விசிறி... இவற்றை எல்லாம் பிடித்துக்கொண்டு இருப்பது எது? சின்னச் சின்னத் திருகாணிகளும் போல்ட்டுகளும்தானே! "பார்த்தால் ஒரே மாதிரிதானே இருக்கு" என்று எதையாவது முறுக்கி வைப்பது ஆபத்து.

ஒரே மாதிரி... ஆனால் வேறு வேறு!

போல்ட்டின் உடம்பில் சுற்றிச் சுற்றிப் போகும் வரிக்கு, "மரை" என்று பெயர். ஒரு காலத்தில் ஒவ்வொரு பட்டறைக்காரரும் தன் இஷ்டத்துக்கு மரை போட்டுக் கொண்டிருந்தார். ஒரு பட்டறையின் போல்ட்டில் இன்னொரு பட்டறையின் நட்டு ஏறாது! 1841ல், ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், "எல்லாரும் ஒரே கணக்கில் மரை போடுவோம்" என்று ஒரு முறையைச் சொன்னார். அங்கிருந்துதான் நிலைமை மெல்ல மெல்ல மாறியது.

இன்று நாம் அதிகம் பார்ப்பவை மெட்ரிக் அளவுகள். "எம் 4", "எம் 5", "எம் 6" என்று கடையில் கேட்கிறார்களே, அந்த எண், போல்ட்டின் வெளிப் பருமனை மில்லி மீட்டரில் சொல்கிறது. வழக்கமாகக் கடையில் கிடைக்கும் எம் 6 போல்ட் ஒன்றை எடுத்து, ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் ஸ்கேலை அதன் மேல் வையுங்கள். ஒரு வரியின் உச்சியில் இருந்து எண்ண ஆரம்பித்து, பத்து வரி தாண்டினால் சரியாக 10 மில்லி மீட்டர் வரும். எம் 5ல் 8 மில்லி மீட்டர். எம் 4ல் 7 மில்லி மீட்டர். வேறு கணக்கு வந்தால், அது வேறு வகை மரை என்று அர்த்தம். அங்குல அளவில் வருபவையும் உண்டு. சேராத நட்டை ஏற்றினால், ஒன்றிரண்டு சுற்று ஏறிவிட்டு இறுகி நின்றுவிடும். அதையும் மீறி முறுக்கினால் மரை போய்விடும், இரண்டுமே வீண்!

பாருங்கள்... கணக்கு, அறிவியல் இரண்டும் அந்த டப்பாவுக்குள்ளேயே இருக்கின்றன. "அந்த வேலை எதுக்கு, போய்ப் படி!" என்று சொல்லும் பெரியவர்களுக்கு இதுதான் என் பதில். இதுவும் படிப்புதான்.

முதலில் பிரி, பிறகு அடுக்கு!

எப்படி ஆரம்பிப்பது? கடைக்கு ஓடிப்போய், முப்பது அறை கொண்ட பெட்டி வாங்கித் தரச் சொல்லி அடம் பிடிக்காதீர்கள்! ஜப்பான் நாட்டுத் தொழிற்சாலைகளில் "5 எஸ்" என்று ஒரு முறை உண்டு. நம் ஊர்த் தொழிற்சாலைகள் பலவற்றிலும் சுவரில் எழுதி வைத்திருப்பார்கள். அதில் முதல் எஸ், தேவையானதையும் தேவையில்லாததையும் பிரிப்பது. இரண்டாவதுதான் அடுக்குவது. முதல் வேலையை முடிக்காமல் இரண்டாவதற்குப் போனால், குப்பையைத்தான் அழகாக அடுக்குவோம்.

காலில் செருப்புப் போட்டுக்கொண்டு, பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பழைய தாம்பாளத்தில் டப்பாவைக் கவிழுங்கள். ஒரு காந்தத்தை பாலிதீன் பைக்குள் போட்டு, மேலே தடவுங்கள். இரும்பு எல்லாம் ஒட்டிக்கொள்ளும். பைக்குள் இருக்கும் காந்தத்தை வெளியே இழுத்தால், ஒட்டியது அத்தனையும் பொலபொலவென்று விழும். பித்தளையும் அலுமினியமும் தட்டிலேயே தங்கிவிடும்.

துருப்பிடித்தவை, வளைந்தவை, தலை மழுங்கியவை, மரை போனவை... இவற்றைத் தனியே ஒதுக்கி, பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடலாம். "என்றைக்காவது உதவும்" என்று எல்லாவற்றையும் சேர்த்து வைப்பதுதான் டப்பா ரொம்பி வழியக் காரணம்.

மிச்சத்தை ஆறே ஆறு பிரிவாகப் பிரித்தால் போதும் என்பது என் கருத்து. ஆணி, நுனி கூராக இருக்கும் மரத் திருகாணி, நுனி தட்டையாக இருக்கும் போல்ட், நட்டும் வாஷரும், கொக்கி, கீல் போன்றவை, "எதற்கென்று தெரியாதவை". ஆமாம்... கடைசிப் பிரிவு ரொம்ப முக்கியம்! தெரியாததை ஏதோ ஒரு டப்பாவில் ஒளித்து வைப்பதை விட, "தெரியாது" என்று எழுதி வைப்பது நேர்மை. அஞ்சு திருகாணிக்கு அஞ்சு டப்பா வைத்தால், அடுக்கவே நேரம் போதாது. ஒரு பிரிவு நிரம்பி வழிந்தால் மட்டும், அதை அளவு வாரியாக இரண்டாகப் பிரியுங்கள்.

உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் டப்பா நல்லது. கண்ணாடி வேண்டாம், உடையும். மிட்டாய், மாத்திரை டப்பாக்களும் வேண்டாம். சின்னப் பிள்ளைகள் தின்பண்டம் என்று நினைத்துத் திறந்துவிடும். மூடி மாறிப் போகும். அதனால், பெயரை மூடியில் எழுதாமல் டப்பாவில் எழுதுங்கள்.

எடுத்த இடத்தில் வை!

அடுக்குவது ஒரு நாள் வேலை. அடுக்கியதைக் காப்பதுதான் தினசரி வேலை. அந்தக் காலத்தில் அச்சகங்களில், ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்துத்தான் பக்கம் தயாரிப்பார்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் பெட்டியில் ஓர் அறை. அச்சடித்து முடித்ததும், அத்தனை எழுத்துகளையும் பிரித்து, அதனதன் அறையில் மறுபடி போட வேண்டும். ஓர் எழுத்து அறை மாறி விழுந்தால், அடுத்த நாள் பக்கத்தில் பிழை! கோப்பது மாதிரியே, திருப்பிப் போடுவதையும் அவர்கள் வேலையாகவே மதித்தனர். நாமும் அப்படி மதிக்கலாமே!

கோவையின் ஜி.டி.நாயுடு (1893 - 1974) பற்றிப் படித்திருப்பீர்கள். ஓர் ஆங்கிலேய அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, உழைத்துப் பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் பகுதி பகுதியாகப் பிரித்து, மறுபடி மாட்டினார். எந்திரங்களைப் பற்றி அவர் கற்றது அப்படித்தான். பிரிக்க யாராலும் முடியும். மறுபடி மாட்டுபவரே மெக்கானிக்! எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்ற ஒழுங்கு இல்லாவிட்டால், அது நடக்குமா?

பெற்றோருக்கு இரண்டு வார்த்தை

"பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு ஸ்குரு டிரைவர்?" என்று இன்னும் சில வீடுகளில் கேட்கிறார்கள். குக்கர் கைப்பிடி யார் கையில் கழன்றாலும் ஒரே மாதிரிதான் சுடும். முறுக்கத் தெரிந்தவர் அடுத்தவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அண்ணனுக்குத் தருகிற டப்பாவைத் தங்கைக்கும் தாருங்கள்.

"கையைக் குத்திக்கும்" என்ற பயம் நியாயமானது. அதற்கு வழி, டப்பாவைப் பூட்டுவது அல்ல. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்லிக் கொடுப்பதுதான். பிளேடு, பியூஸ் ஒயர், மின்சார சாமான்களைப் பெரியவர்களே முதலில் எடுத்துவிட வேண்டும். துருப்பிடித்த ஆணி குத்தினால், மறைக்காமல் உடனே சொல்ல வேண்டும். முக்கியமாக, பொத்தான் வடிவ பேட்டரி! கடிகாரத்திலும் பொம்மையிலும் இருக்கும் அதைக் குழந்தை விழுங்கிவிட்டால், இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் புண்ணாகிவிடும். குட்டி குட்டிக் காந்தங்களும் ஆபத்துதான். இரண்டை விழுங்கினால், குடலை நடுவில் வைத்து ஒட்டிக்கொள்ளும். இவை எதுவும் அந்த டப்பாவில் இருக்கவே கூடாது. யாராவது விழுங்கிவிட்டால், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

"ரெண்டு ரூபாய் திருகாணி... கடையில புதுசா வாங்கிக்கலாமே!" என்பாரும் உண்டு. வாங்கலாம். ஆனால், எந்த அளவு என்று கடைக்காரர் கேட்டால் பதில் தெரிய வேண்டுமே! ஒரு திருகாணி கிடைக்காததால் தூக்கி எறியப்பட்ட மேஜை விசிறியும், மூன்று சக்கர சைக்கிளும் எத்தனை எத்தனை? திருகாணியின் விலை இரண்டு ரூபாய்தான். அது பிடித்து வைத்திருக்கும் பொருளின் விலை அது இல்லை.

அதனால் குட்டீஸ்... இந்த ஞாயிற்றுக்கிழமை, டிவிக்கு ஒரு மணி நேரம் லீவு விடுங்கள். இந்தப் பக்கத்தை அப்பா, அம்மாவிடம் காட்டி, "அந்த டப்பாவைக் கொடுங்க, நான் அடுக்கித் தர்றேன்" என்று கேளுங்கள். அடுத்த முறை நாற்காலிக் கால் ஆடும்போது, "எம் 6 வேணுமா, இதோ!" என்று எடுத்து நீட்டுங்கள். அதற்குப் பிறகு, "தொடாதே" என்ற வார்த்தை அந்த வீட்டில் கேட்காது!