புகைக்குழாயோடு முடியாத கணக்கு

2025 ஜூலை 1 அன்று டெல்லியின் பெட்ரோல் நிலையங்களில் எண் பலகையைப் படிக்கும் கேமராக்களும் காவலர்களும் காத்திருந்தனர். 10 ஆண்டைக் கடந்த டீசல் வண்டிக்கும் 15 ஆண்டைக் கடந்த பெட்ரோல் வண்டிக்கும் எரிபொருள் கிடையாது என்பது ஆணை. எதிர்ப்பு கிளம்பியது, சில நாள்களிலேயே ஆணை நிறுத்திவைக்கப்பட்டது. ஆதரித்தோரும் எதிர்த்தோரும் அன்று பேசியது வண்டியின் வயதை மட்டுமே. வாரம் ஒரு முறை சந்தைக்குப் போய்வந்த ஓய்வூதியரின் சிறு காரும், இரவு பகலாக ஓடித் தேய்ந்த காரும் ஒரே தேதியில் குற்றவாளிகள் ஆயின. இதற்குச் சூழலியல் என்று பெயர் சூட்டுவது அச்சொல்லுக்கு இழைக்கும் அநீதி.

பழைய டீசல் வண்டி நஞ்சைக் கக்குகிறது என்பதை மறுப்பதற்கில்லை. பி.எஸ்.-4 டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் நுண்துகள் அனுமதிக்கப்பட்டிருந்தது. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.-6 அதை 4.5 ஆகக் குறைத்தது. அப்படியானால் அளக்க வேண்டியவை தரநிலையும் உண்மையான உமிழ்வும். அளவுகோலோ பரிதாபமானது: மாசுச் சான்றிதழுக்கான சோதனை டீசல் வண்டியில் புகையின் அடர்த்தியைப் பார்க்கிறது; நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பார்ப்பதே இல்லை. 2014இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தொடங்கிவைத்த வயதுத் தடைக்குப் பின், டெல்லிக் கார்கள் தடையின்மைச் சான்று பெற்றுப் பிற மாநிலங்களுக்கு விலைபோயின. புகைக்கு ஊர் மாறியது, அவ்வளவே.

கார் சாலையில் இறங்கும் முன்பே அதன் கணக்கு தொடங்கிவிடுகிறது. இந்தியாவில் ஒரு டன் எஃகு உருவாக ஏறத்தாழ இரண்டரை டன் கரியமில வாயு வெளியேறுகிறது. உலகச் சராசரி இரண்டு டன்னுக்கும் குறைவு. பழைய வண்டியை நசுக்கிவிட்டுப் புதியதை வாங்கச் சொல்லும் கொள்கை இந்தக் கடனை எந்தப் பக்கத்தில் எழுதுகிறது? 2021இல் அறிவிக்கப்பட்ட கொள்கைப்படி, பழையதைக் கழித்துப் புதுக் கார் வாங்குபவருக்குச் சாலை வரியில் 25 விழுக்காடு வரை சலுகை உண்டு. பழுதுபார்த்து ஓட்டுபவருக்குக் கிடைத்தது, 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்த மறுபதிவுக் கட்டணம்.

பெரிய ஏமாற்று இறுதிச் சடங்கில்தான். 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ஆயுள் முடிந்த ஊர்திகளுக்கான விதிகள் உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கிவிட்டன என்று மெச்சப்பட்டன. அந்தப் பொறுப்பு அளக்கப்படுவது எஃகால் மட்டும். முதல் ஐந்தாண்டுகளுக்கான இலக்கு, முன்பு விற்ற வண்டிகளில் இருந்த எஃகில் 8 விழுக்காடு. டெல்லி மாயாபுரியிலும் கொல்கத்தா மல்லிக் பஜாரிலும் சென்னைப் புதுப்பேட்டையிலும் எந்தச் சட்டமும் கேட்காமலே காயலான் கடைக்காரர் கழற்றி எடுத்துவந்த பொருள் அது. ஏனெனில் அதற்கு விலை உண்டு. சட்டம் தேவைப்படுவது விலை இல்லாதவற்றுக்கு: இருக்கைப் பஞ்சு, கண்ணாடி, கலவைப் பிளாஸ்டிக், கரியமில வாயுவைக் காட்டிலும் ஆயிரம் மடங்குக்கும் மேல் வெப்பமூட்டும் குளிர்சாதன வாயு. மின்கலத்துக்கும் டயருக்கும் கழிவு எண்ணெய்க்கும் தனி விதிகள் உண்டு. இவற்றுக்கு இலக்கே இல்லை. ஐரோப்பிய ஒன்றியமோ 2015 முதல் வண்டியின் மொத்த எடையில் 85 விழுக்காடு மறுபயன்பாட்டுக்கோ மறுசுழற்சிக்கோ போக வேண்டும் என்கிறது. (அங்கிருந்தும் பழைய கார்கள் ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறுகின்றன என்பது வேறு கதை.)

மின்சாரக் கார் வந்தால் எல்லாம் தீரும் என்பது அடுத்த பல்லவி. தூய போக்குவரத்துக்கான பன்னாட்டுக் குழு 2021இல் வெளியிட்ட வாழ்க்கைச் சுழற்சி ஆய்வின்படி, நடுத்தர மின்சாரக் கார் பெட்ரோல் காரைவிட ஐரோப்பாவில் 66 முதல் 69 விழுக்காடு குறைவாக உமிழ்கிறது. இந்தியாவில் 19 முதல் 34 விழுக்காடுதான் குறைவு. இடையில் நிற்பது நிலக்கரி. ஆதாயம் மெய்யானது, ஆனால் சிறியது. வண்டியின் எடையைக் கூட்டினால் கரைந்துவிடக் கூடியது. அரசின் எரிபொருள் திறன் விதியோ அதன் உமிழ்வைச் சுழியம் என்று எழுதி, ஒரு வண்டியை மூன்றாக எண்ணிக்கொள்கிறது. அந்தச் சலுகையின் நிழலில் நிறுவனம் கனத்த பெட்ரோல் வண்டிகளைத் தாராளமாக விற்கலாம். சரக்கு சேவை வரியும் சிறிய மின்சாரக் காருக்கும் இரண்டரை டன் சொகுசு மின்சார வண்டிக்கும் ஒரே 5 விழுக்காடு.

இத்தனையும் ஆய்வுப்புலத்தின் கண்ணெதிரில் நடக்கிறது. மாயாபுரி என்ற பெயரைக் கல்விக்கூடங்கள் கேட்டதே 2010இல், டெல்லிப் பல்கலைக்கழகம் ஏலத்தில் விட்ட கோபால்ட்-60 கருவி அங்கே பிரிக்கப்பட்டு ஒருவர் உயிரிழந்தபோதுதான். அதன் பிறகும் புகைக்குழாயைப் பற்றிய ஆய்வேடுகளே குவிகின்றன. கழித்த காரின் குளிர்சாதன வாயு எங்கே போகிறது என்று கடைத்தெருவிலேயே நின்று விசாரிக்கலாம். டெல்லிப் பல்கலைக்கழகத் தெற்கு வளாகத்தின் மெட்ரோ நிலையத்திலிருந்து மாயாபுரி மூன்றாவது நிறுத்தம்.