ஏணியும் பாம்பும் பேச வைக்கும்

"மருந்தைத் தவறாமல் எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று புறநோயாளர் பிரிவில் நாங்கள் கேட்கும்போது, பெரும்பாலோர் "ஆமா சார், சரியாத்தான் சாப்பிடுறேன்" என்கின்றனர். இரத்தப் பரிசோதனையின் முடிவு சில வேளைகளில் வேறொன்றைக் காட்டுகிறது. இதைப் பொய் என்று நாங்கள் கருதுவதில்லை. மருத்துவர் கடிந்துகொள்வாரோ, உடன் வந்த மகள் மனம் வருந்துவாளோ என்னும் தயக்கமே அப்படிச் சொல்ல வைக்கிறது. ஆனால் அந்தத் தயக்கத்தினால், தேவையற்ற இடத்தில் மருந்தின் அளவு கூடிவிடக் கூடும். நம் வீடுகளில் முன்பே பழகிய ஒரு பலகை ஆட்டத்தைச் சற்றே மாற்றிக் குடும்பத்தோடு ஆடினால் இத்தயக்கம் தளரும் என்பது எங்கள் கருத்து.

அந்த ஆட்டம் பரமபதம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காகப் பெரியவர்களும் சிறுவர்களும் சேர்ந்து ஆடுவது. நற்செயலுக்கு ஏணி, தீச்செயலுக்குப் பாம்பு, உச்சியில் வைகுண்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கதை உண்டு. காய் நகர நகரப் பாட்டி அக்கதைகளைச் சொல்வார். இவ்வகை ஆட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து சென்று, கதைகளை இழந்து, சிறுவர் விளையாட்டாகச் சுருங்கியது. பிற்காலத்தில் மேலைநாட்டார் கதையை வேறு வழியில் மேசைக்குக் கொண்டுவந்தனர். 1974இல் அமெரிக்காவில் வெளியான 'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு கற்பனை ஆளாக மாறுவர். "நான் இப்போது இதைச் செய்கிறேன்" என்று சொல்லிக் கதையை நடத்துவர். அது பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். நம் பலகையையும் அவர்களுடைய கற்பனை ஆளையும் சேர்த்தால் நமக்கு வேண்டிய ஆட்டம் கிடைத்துவிடும்.

பழைய பலகையை அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுவர இயலாது. முதலில் பெயரை மாற்ற வேண்டும். பரமபதம் அடைதல் என்றால் நம் வழக்கில் இறத்தல் என்று பொருள். படுக்கையில் இருப்பவரிடம் அச்சொல்லைச் சொல்லலாகாது. ஏணியாட்டம் என்றே அழைப்போம்.

அடுத்து, உச்சிக் கட்டம். கம்பம், உத்தமபாளையம் பகுதிகளிலிருந்து வருவோரில் எல்லாச் சமயத்தாரும் உண்டு. ஆகவே அக்கட்டத்தில் என்ன எழுதுவது என்பதை நோயாளியே சொல்லட்டும். சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு நடந்து போவது, பேத்தியின் திருமணப் பந்தலில் அமர்வது, மீண்டும் வயலில் இறங்குவது என எதுவாகவும் இருக்கலாம். நோயாளி எதற்காக உடல்நலத்தை வேண்டுகிறார் என்பதைச் சில குடும்பங்கள் அப்போதுதான் முதன்முறையாகக் கேட்கும்.

மூன்றாவது மாற்றமே தலையாயது. பழைய பலகையில் பாம்பு பாவத்தின் தண்டனை. நம் பலகையில் அவ்வாறு இருக்கக் கூடாது. நோய் பாவத்தின் சம்பளம் என்னும் எண்ணம் ஏற்கெனவே பலரை வாட்டுகிறது. "நீ நாக்கைக் கட்டாததால்தான் இப்படி" என்னும் வீட்டுச் சொல் அதை மேலும் அழுத்துகிறது. பாம்பின் வாயில் குற்றத்தை எழுதாமல் நிகழ்ச்சியை எழுதுங்கள்: "மாத்திரை தீர்ந்த நாளில் கூலி வரவில்லை." "உறவினர் வீட்டு விருந்தில் மறுக்க முடியவில்லை." "செருப்பு கடித்த புண்ணில் வலி தெரியவில்லை."

ஓர் எடுத்துக்காட்டு. கற்பனை ஆள்: கம்பத்தைச் சேர்ந்த ஐம்பது வயதுப் பெண்மணி, விடியற்காலையில் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர், இன்சுலின் ஊசி போடுகிறவர். காய் பாம்பில் நிற்கிறது: "ஊசி போட்டார், சாப்பிடுவதற்குள் ஜீப் வந்துவிட்டது." அடுத்து என்ன நடந்தது என்று ஆடுபவர் சொல்ல வேண்டும். கை நடுங்கியது, வியர்த்தது, கண் இருண்டது என்று கதை வளரும். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் அப்படித்தான் நேரும். இப்போது எல்லோரும் சேர்ந்து ஓர் ஏணி செய்ய வேண்டும். மடியில் சர்க்கரைப் பொட்டலம் என்று ஒருவர் சொல்வார். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிப்பது சரியான முதலுதவியே. நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது. சாப்பாட்டைக் கையில் எடுத்த பின்பே ஊசி என்று இன்னொருவர் சொல்வார். அவ்வேளையில் நோயாளி மெல்ல, "எனக்கும் ரெண்டு தடவை அப்படி ஆச்சு" என்று சொல்லக்கூடும். நேரடிக் கேள்விக்கு வராத விடை இது. அந்தப் பெண்மணியின் கதையாகத் தொடங்கியதால், தம் கதையைச் சொல்வது அவருக்கு எளிதாகிவிடுகிறது.

இதற்குப் பணச் செலவில்லை. பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் ஐம்பது கட்டங்கள் வரையுங்கள். ஆறு பாம்பு போதும். ஏணிகளை ஆட்டத்தின்போதே வரையலாம். நான்கு புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் தேய்த்தால் பகடை ஆயிற்று. மேலே விழும் வெள்ளையின் எண்ணிக்கைப்படி காயை நகர்த்துங்கள். நான்கைந்து பேர், ஒரே காய். அனைவரும் சேர்ந்து அந்த ஒருவரை உச்சிக்குக் கொண்டுசெல்வதால் தோற்பவர் எவரும் இல்லை.

தொடங்கும் முறையிலும் கவனம் வேண்டும். "உங்கள் நோயைப் பற்றிப் பேசலாம்" என்று அழைத்தால் எவரும் வரமாட்டார். "ஒரு கதை சொல்லணும், வாங்க" என்று பேரப்பிள்ளை அழைத்தால் தாத்தா வருவார். முதல் பாம்பின் கதையைப் பராமரிப்பவரே சொல்லட்டும். சொல்ல விரும்பாதவர் "அடுத்து" என்று கடந்துபோகலாம். ஏன் என்று கேட்கக் கூடாது. ஆட்டத்தில் வெளிவந்த செய்தியைப் பிறகு சண்டையில் எடுத்துப் பேசக் கூடாது. இவ்விதி ஒருமுறை மீறப்பட்டால் அடுத்த ஆட்டத்தில் எவரும் உண்மை பேசமாட்டார்.

விளையாட்டு நோயைக் குணமாக்காது. காய்ச்சல், மூச்சுத்திணறல், மனக்குழப்பம் உள்ளவரை வற்புறுத்தக் கூடாது. வார்டில் ஆடுவதானால் செவிலியரிடம் கேட்டு, கை கழுவிய பின் ஆடுங்கள். அரை மணி நேரத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஆட்டத்தில் தோன்றிய யோசனையைக் கொண்டு இன்சுலினையோ மாத்திரையையோ கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

கதைகளில் எந்தப் பாம்பு மீண்டும் மீண்டும் வந்தது என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதி, அடுத்த வருகையில் மருந்துச் சீட்டோடு கொண்டுவாருங்கள். ஜீப் வரும் நேரத்துக்கு ஏற்ப ஊசியின் நேரத்தை அமைப்பது எங்களால் இயலும். அந்த நேரம் எங்களுக்குத் தெரிந்தால் போதும்.