ஓடுகிற வாஷிங் மெஷினை எதற்குக் கழற்ற வேண்டும்?

வாரண்டி முடிகிற மாதத்தில் ஃபோன் வரும். “உங்க வாஷிங் மெஷினுக்கு சர்வீஸ் நேரம் வந்துடுச்சு, ஏ.எம்.சி. போட்டுக்கிறீங்களா?” என்பார்கள். பைக்கையும் காரையும் தவறாமல் சர்வீஸ் விட்டுப் பழகிய நமக்கு இது நியாயமாகவே படும். ஆனால் பைக்கில் ஆயில் கெட்டுப்போகிறது, ஏர் ஃபில்டர் அடைகிறது, பிரேக் தேய்கிறது. இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியே தீர வேண்டும். வாட்டர் ப்யூரிஃபையருக்கும் அப்படித்தான். வாஷிங் மெஷினில் அப்படித் தேதி வைத்து மாற்ற வேண்டிய பாகம் எதுவும் இல்லை. பேரிங்கில் கிரீஸ் வைத்து மூடியே அனுப்புகிறார்கள், வெளியிலிருந்து போட வழி கிடையாது. மோட்டாருக்கு 10 ஆண்டு வாரண்டி என்று விளம்பரம் செய்யும் கம்பெனிகள்கூட, ‘வருடா வருடம் சர்வீஸ் செய்திருந்தால்தான் செல்லும்’ என்று பொதுவாக நிபந்தனை போடுவதில்லை. தயாரித்தவரே கேட்காத சர்வீஸுக்கு வாங்கியவர் ஏன் பணம் கட்ட வேண்டும்?

பார்த்து வைப்பதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படையின் கடலோரப் பிரிவில் வாடிங்டன் என்ற உயிரியலாளர் பழுதுக் கணக்குகளை ஆராய்ந்தார். விமானங்களை 50 மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றிச் சோதிப்பது வழக்கம். அந்தச் சோதனை முடிந்த கையோடுதான் பழுதுகள் கூடின, நாள் ஆக ஆகக் குறைந்தன. நன்றாக இருந்ததைக் கழற்றி மாட்டியதே பல கோளாறுகளுக்குக் காரணம் என்று அவர் முடிவு செய்தார். பிறகு 1978-ல் யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நௌலான், ஹீப் இருவரும் எழுதிய அறிக்கை, ஆய்வுக்கு எடுத்த விமானப் பாகங்களில் வயதாவதால் தேய்ந்து பழுதாகும் போக்கு 11 சதவீதத்தில்தான் தெரிந்தது என்றது. உயிரை நம்பி ஏறும் இயந்திரத்திலேயே நிலைமை இப்படி. வாஷிங் மெஷினில் அடிக்கடி போகிறவை எலெக்ட்ரானிக் போர்டு, தண்ணீர் வால்வு, ட்ரெயின் பம்ப், கதவு லாக். இவற்றில் பல முன்னறிவிப்பு இல்லாமல் ஒருநாள் நின்றுவிடும். இரண்டு மாதம் முன்பு மெக்கானிக் பார்த்துவிட்டுப் போயிருந்தாலும் அதைச் சொல்லியிருக்க முடியாது. வடிவமைப்பிலேயே குறை இருந்தால் கேட்கவே வேண்டாம். 2016-ல் அமெரிக்காவில் சாம்சங் சுமார் 28 லட்சம் டாப் லோடு மெஷின்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது, சுழலும்போது மேல்மூடி பிய்த்துக்கொண்டு போனதால். எந்த ஆண்டு சர்வீஸும் அதைத் தடுத்திருக்காது.

இதற்கெல்லாம் எதிராக வலுவாக நிற்கும் வாதம் ஒன்றுதான்: நம் ஊர் உப்புத் தண்ணீர். இந்திய தர நிர்ணய அமைப்பு குடிநீருக்கு வைத்திருக்கும் கடினத்தன்மை அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை போகலாம். போர்வெல்லை நம்பியிருக்கும் வீடுகளில் குழாய் முனையில் படியும் வெள்ளைப் பொருக்கைப் பார்த்தாலே தண்ணீரின் லட்சணம் தெரியும். அதே பொருக்கு மெஷினுக்குள்ளும் படியும் என்பது உண்மை. ஆனால் எங்கே, எப்போது என்று பார்க்க வேண்டும். தண்ணீர் சூடாகும்போதுதான் அதிலுள்ள பைகார்பனேட் வேகமாக உடைந்து சுண்ணாம்பாகப் படிகிறது. ஆகவே ஹீட்டர் உள்ள மெஷின்களில்தான், அதிலும் வெந்நீரில் துவைக்கும் வீடுகளில்தான் இது பெரிய பிரச்சினை. பச்சைத் தண்ணீரில் ஓடும் டாப் லோடில் சேர்வது பெரும்பாலும் கரையாத சோப்புத் தூளும் பஞ்சும் துணியிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கும். இரண்டுக்குமே வைத்தியம் வீட்டில் இருக்கிறது. துணி போடாமல் சிட்ரிக் ஆசிட்டையோ கடையில் விற்கும் டீஸ்கேலிங் பவுடரையோ போட்டு ‘டப் கிளீன்’ ஓட்டினால் போதும். (ப்ளீச்சுடன் மட்டும் கலந்துவிடக் கூடாது, நச்சு வாயு வரும்.) மாதம் ஒருமுறை இதைச் செய்யும்படி பல கம்பெனிகளின் கையேடுகளே சொல்கின்றன. அந்தக் கையேட்டை யார் பிரிக்கிறார்கள் என்பது வேறு விஷயம். நாற்றமும் இதே கதைதான். துவைத்த துணியில் வரும் ஈர வாடைக்கு மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா ஒரு முக்கியக் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-ல் காட்டினார்கள். ஈரம் காயாத இடத்தில் கிருமிகள் பெருகும். மூடியைத் திறந்து வைப்பதும் ரப்பர் கேஸ்கெட்டைத் துடைப்பதும் பவுடரை அளந்து போடுவதும் அன்றாட வேலைகள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர் அவற்றைச் செய்து தர முடியாது.

டிரம்மைக் கழற்றிப் பின்பக்கம் படிந்த அழுக்கைப் படமெடுத்துக் காட்டி விளம்பரம் செய்கிறார்கள். பார்க்க அருவருப்பாகத்தான் இருக்கும். பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்ட டாப் லோடு மெஷினுக்கு ஒருமுறை அப்படிக் கழற்றிச் சுத்தம் செய்வது சரியே. ஆனால் அது விட்டுப்போன பராமரிப்புக்குச் செலுத்தும் பாக்கி. ஆண்டுதோறும் தேவைப்படும் வேலை ஆகிவிடாது. நம் வீடுகளில் மெஷினைக் கெடுப்பதில் எலிக்கும் பெரிய பங்கு உண்டு. அடிப்பக்கம் வழியாக ஏறி வயரைக் கடித்துவிடும், அதைப் பெரும்பாலான வாரண்டிகள் ஏற்பதுமில்லை. அதற்கும் வேண்டியது அடியில் ஒரு வலைத்தட்டு. ட்ரெயின் ஃபில்டரைத் திறக்கவோ குனியவோ முடியாத முதியவர்கள் தனியாக இருக்கும் வீட்டில், ஆள் வைத்து இவற்றைச் செய்துகொள்வதில் தவறே இல்லை. உள்ளூர் மெக்கானிக்கே போதும். விடுதி, லாட்ஜ் போல நாள் முழுக்க மெஷின் ஓடும் இடங்களின் கணக்கும் வேறு.

ஏ.எம்.சி.யைச் சர்வீஸாகப் பார்க்காதீர்கள், இன்ஷூரன்ஸாகப் பாருங்கள் என்பவர்களும் உண்டு. அப்படியே பார்ப்போம். ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் எட்டு ஆண்டில் 20,000. அந்தப் பணத்துக்குப் புது டாப் லோடு மெஷினே வந்துவிடும். மருத்துவச் செலவைப் போல குடும்பத்தைக் கவிழ்த்துவிடும் இழப்பு இதில் இல்லை. பெரிய பழுதென்றாலும் போவது அதிகபட்சம் ஒரு மெஷினின் விலை. அதே தொகையைத் தனியாக எடுத்து வைத்தால், பழுது வராத ஆண்டில் பணம் நம்மிடமே இருக்கும்.

மெக்கானிக்கே வேண்டாம் என்பதல்ல வாதம். சுழலும்போது லாரி போவதுபோல இரைச்சல், அடியில் ஒழுகல், தொட்டால் ஷாக், கருகல் வாடை: இவற்றில் எது வந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். அப்போது நமக்குத் தேவைப்படுவது நியாய விலையில் உதிரி பாகம். உதிரி பாகம் கிடைப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச் முதல் சட்டமாக்கியிருக்கிறது. ஒரு மாடலின் கடைசி மெஷின் சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது 10 ஆண்டுகள் அதன் முக்கிய உதிரி பாகங்கள் கிடைக்க வேண்டும். கதவு, ரப்பர் சீல் போன்றவற்றைப் பயனாளரே நேரடியாக வாங்கலாம். மத்திய நுகர்வோர் துறை 2022-ல் தொடங்கிய ‘ரைட் டு ரிப்பேர்’ இணையதளத்தின் பட்டியலில் வீட்டு உபயோகப் பொருட்களும் இடம்பெற்றிருக்கின்றன. இணையதளத்தோடு நிறுத்தாமல், உதிரி பாகங்களை எத்தனை ஆண்டு, என்ன விலைக்குத் தர வேண்டும் என்பதை அரசு கம்பெனிகளுக்குக் கட்டாயமாக்க வேண்டும்.