குயிலோசையால் ஏமாறலாகாது

இளவேனிற் காலம் பிறந்துவிட்டால், பூவிருந்தவல்லியை அடுத்த கரையான்சாவடியில் விடியுமுன்னரே குயில் கூவத் தொடங்கிவிடுகிறது. நெடுஞ்சாலையில் வண்டிகளின் இரைச்சல் எழுவதற்குள் அதன் குரல் வீடுதோறும் புகுந்துவிடுகிறது. குயில் கூவும் வரையில் நமது தோட்டங்களுக்குக் குறைவொன்றுமில்லை என்று ஜனங்கள் திருப்தியடைகின்றனர். அந்தத் திருப்தி ஆதாரமற்றது என்பதை எடுத்துச் சொல்வது நமது கடமையாகும்.

குயில் கூடு கட்டுவதில்லை. காக்கையின் கூட்டில் முட்டையிடுவது அதன் இயல்பு. நமது குப்பைமேடுகளால் காக்கை பிழைக்கிறது. காக்கையால் குயிலின் குஞ்சு பிழைக்கிறது. ஆகவே குயிலோசை காக்கையின் க்ஷேமத்துக்குச் சாட்சியே தவிர, ஏனைய பக்ஷிகளின் க்ஷேமத்துக்குச் சாட்சியாகாது. 2023ஆம் ஆண்டில் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை இதனை உறுதி செய்கின்றது. நீண்டகாலப் போக்கை அறியப் போதிய குறிப்புகள் கிடைத்த 338 இனங்களில் நூற்றுக்கு 60 குறைந்து வருகின்றன; பெருகி வரும் சிலவற்றுள் குயிலும் ஒன்று! 1962இல் ராச்செல் கார்ஸன் அம்மையார் பூச்சிமருந்தின் கொடுமையை எழுதியபோது, தம் நூலுக்கு 'மௌன வசந்தம்' என்று பெயரிட்டார். நமது வசந்தம் மௌனமாக வராது. ஒரே குரல் உரத்துக் கேட்க, மற்றக் குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கிவிடும். அந்த நஷ்டத்தை யார் அறிவார்? ஒவ்வொரு குரலையும் பெயரோடு அறிந்தவரே அறிவார்.

அவ்வறிவு அரியதொரு வித்தையன்று. கன்னார் தட்டுவதுபோல 'டுக் டுக்' என்று இடைவிடாது ஒலிப்பது குக்குறுவான். மார்பிலே செம்புள்ளி கொண்ட சிறு பச்சைப் பறவை அது. முருங்கை முதலிய மரங்களின் உலர்ந்த கிளையைக் குடைந்து அதிலே வாழும். பட்ட கிளையெல்லாம் அழுக்கென்று வெட்டித் தள்ளுகிறவன் அதன் வீட்டை வெட்டுகிறான். விடியற்காலையில் கூரை உச்சியில் அமர்ந்து இனிமையாகச் சீழ்க்கையடிப்பது குண்டுகரிச்சான். உடலுக்குப் பொருந்தாத பெருங்குரலில் கூவுவது, இலையைத் தைத்துக் கூடு கட்டும் தையற்சிட்டு. அடித்தொண்டையில் 'ஊப் ஊப்' என்பது செம்போத்து. குயிலிலும் நெடிய கூவல் ஆணுக்கே உரியது. புள்ளி போட்ட பெண்குயில் 'கிக் கிக்' என்று கத்துவதோடு சரி. பாரதியார் தமது குயிற்பாட்டில் பெண்குயிலைப் பாடவைத்தது கவியின் உரிமை. தோட்டத்திலே காதுதான் பிரமாணம்.

இப்பெயர்களெல்லாம் நம் முன்னோர் செவியால் அறிந்து இட்டவை. காலையும் மாலையும் குறித்த நேரத்தில் குரல் கொடுக்கும் வலசைப் பறவைக்கு 'ஆறுமணிக் குருவி' என்று பெயர் வைத்தவன் எந்தக் கலாசாலையிலும் படித்தவனல்லன். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஆங்கில வைத்தியர் ஜெர்டான் இந்தியப் பறவைகளைப் பற்றி நூலெழுதியபோது, தமிழ்ப் பெயர்களையும் தெலுங்குப் பெயர்களையும் கேட்டறிந்து சேர்த்துக்கொண்டார். அன்னியர் மதித்த செல்வத்தை நாம் புறக்கணிக்கலாமா? மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் ஆங்கிலத்தில் பெரும் புகழ் பெற்றும், பறவைகளைப் பற்றித் தமிழிலும் எழுதினார். பேராசிரியர் க. ரத்னம் பறவைப் பெயர்களைத் தமிழில் தொகுத்துத் தந்தார். இன்று நமது பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேர் சின்னானையும் தவிட்டுக்குருவியையும் அப்பெயர் சொல்லி அழைப்பார்கள்?

'கைப்பேசியை நீட்டினால் குரலைக் கேட்டு அதுவே பெயரைச் சொல்லிவிடுகிறதே, நமக்கேன் சிரமம்?' என்று சிலர் கேட்கலாம். அக்கருவியை நாம் பழிக்கவில்லை. கற்பவனுக்கு அது நல்ல துணை. ஆயினும் ஒலிக்கும் குரலை மட்டுமே அது சொல்லும். சென்ற பங்குனியில் கேட்ட குரல் இந்தப் பங்குனியில் கேட்கவில்லையே என்று அது கவலைப்படாது. அக்கவலை ஊரிலே வசிப்பவனுக்கே உரியது.

என்ன செய்ய வேண்டும்? 2015 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பொங்கற் காலப் பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. ஓரிடத்தில் 15 நிமிஷம் நின்று, கண்டதையும் கேட்டதையும் எழுதி அனுப்பினால் போதும். மேற்சொன்ன 2023ஆம் ஆண்டு அறிக்கைக்கு ஆதாரமாக நின்றவை, சுமார் 30,000 சாமானிய ஆர்வலர் தந்த குறிப்புகளே. பொங்கலோடு நின்றுவிடாமல் பங்குனி, சித்திரையிலும் வாரந்தோறும் 15 நிமிஷத்தைக் கரையான்சாவடிப் பள்ளிகள் இதற்கு ஒதுக்கட்டும். தமிழ்ப் பெயர்களோடு ஒரு குறிப்பேடு வைக்கட்டும். ஊராளும் சபையார் மரம் வெட்டவும் மருந்தடிக்கவும் உத்தரவிடுமுன் அந்தக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்க்கட்டும். சங்கங்களும் இளைஞர்களும் அவ்வாறு பார்க்கும்படி வற்புறுத்தட்டும்.

திருக்கச்சி நம்பிகள் பூவிருந்தவல்லியில் நந்தவனம் வளர்த்துக் காஞ்சி வரதருக்கு மலர் சுமந்து சென்றார் என்பது வைணவ மரபு. பக்கத்திலுள்ள மெட்ரோ நிலையம் முல்லைத்தோட்டம் என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. தோட்டம் பெயரளவில் எஞ்சினால் போதுமென்று நாம் இருந்துவிட்டால், குண்டுகரிச்சானும் குக்குறுவானும் அவ்வாறே பெயரளவில் நிற்கும் நாள் வரும். பெயரையும் மறந்துவிட்டால் அதுவும் நில்லாது. தன் தோட்டத்துக் குரல் எது, அது இன்னும் ஒலிக்கிறதா என்று அறியாதவன் தன் ஊரை ஆள்வதாகச் சொல்லிக்கொள்வதில் பொருளில்லை. நாளை விடியலில் குயில் கூவும்போது அதனோடு நின்றுவிடாமல், அப்பால் ஒலிப்பது எதுவென்று செவி கொடுப்போமாக!