அற்பாயுள் என்னும் கட்டுக்கதை

‘மேதைகள் நெடுநாள் வாழ்வதில்லை’ என்னும் வாக்கியம் ஒலிக்காத நினைவுக் கூட்டம் நம்மிடையே அரிது. சான்றாகப் பெயர்களும் அடுக்கப்படும். எஸ். ஜி. கிட்டப்பா மறைந்தபோது வயது 27 (1933). ஓவியர் அம்ரிதா ஷெர்கிலுக்கு 28 (1941). பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்துக்கு 29 (1959). பாரதிக்கு 38 (1921). காலனைப் பழித்துப் பேச்சாளர் அமர்வார், அவையோர் பெருமூச்செறிவர், பின்னர் நன்றியுரை, தேநீர்.

இவ்வாக்கியத்தை நாம் முற்றாக மறுக்கிறோம். உ. வே. சாமிநாதையர் 87 ஆண்டுகள் வாழ்ந்தார். செம்மங்குடி சீனிவாச ஐயர் 95, பிஸ்மில்லா கான் 90, எம். எஸ். சுப்புலட்சுமி 88. இவர்கள் மேதைகள் அல்லரோ? மேதைமைக்கும் அற்பாயுளுக்கும் இயற்கை எந்த முடிச்சும் போடவில்லை, போட்டவர்கள் நாமே.

ஏன் போட்டோம்? பழியைக் காலன் தலையில் ஏற்றிவிட்டால் நம் கைகள் சுத்தமாகிவிடும் அன்றோ! புதுமைப்பித்தனை எண்ணிப் பாருங்கள். தமிழ்ச் சிறுகதையின் சிகரமென இன்று நாம் கொண்டாடும் அவருக்கு அச்சிறுகதை சோறிடவில்லை. திரைப்பட உரையாடலை நாடி, ‘ராஜமுக்தி’ படத்துக்காகப் புனே சென்றவரைக் காசநோய் வீழ்த்தியது. 1948இல் திருவனந்தபுரத்தில் தம் 42ஆம் வயதில் அவர் மறைந்தார். அவர் நூல்கள் நாட்டுடைமையாயின, எப்போது? 2002இல்! ஷெர்கிலின் கதையும் வேறன்று. வாழ்ந்த நாளில் தம் ஓவியங்களுக்கு எளிதில் வாங்குவோரைக் காணாதவர் அவர். அவர் 1937இல் தீட்டிய ‘கதைசொல்லி’ 2023இல் ஏலத்தில் போன விலை 61.8 கோடி ரூபாய்.

இதனினும் கொடியது, கலைஞனின் அழிவையே அவன் கலைக்கு ஊற்றாகப் போற்றும் மயக்கம். மது அருந்தினாலன்றிக் கே. எல். சைகலுக்குப் பாட்டு வாராது என்று ரசிகர்கள் பெருமையாகப் பேசினர். அவரும் அதை நம்பினார். ‘ஷாஜஹான்’ (1946) படத்தின் பாடலொன்றை மது அருந்தாமலும் அருந்தியும் பாடச் செய்து, இரண்டையும் அவருக்கே போட்டுக் காட்டியதாக இசையமைப்பாளர் நௌஷாத் பின்னாளில் கூறியுள்ளார். அருந்தாமற் பாடியதே சிறந்தது எனச் சைகல் ஒப்புக்கொண்டாராம். ஆயினும் காலம் கடந்துவிட்டது. 1947 ஜனவரியில், 42 வயதில், அக்குரல் ஓய்ந்தது.

‘நோய்க்கு நாம் என் செய்வோம்?’ என்பர் சிலர். உண்மையே, 1955இல் டி. வி. பலுஸ்கரை 34 வயதில் மூளை அழற்சி கொண்டுபோனதற்கு எவரையும் குறை கூற இயலாது. விதிவசமான சாவுகள் உண்டு. ஆனால் எல்லாச் சாவையும் விதி என்பது, விசாரணைக்கு அஞ்சுவோன் சொல்லும் சாக்கு.

ஆகவே, சங்கங்கள் நடத்தும் நாம் சிலவற்றை உறுதி கொள்வோம். பாடகருக்குரிய சன்மானத்தைக் கச்சேரி முடிந்த அன்றே அளிப்போம். எழுத்தாளரிடம் நூலை இலவசமாகக் கேளாது, விலை கொடுத்து வாங்குவோம். நோயுற்ற கலைஞருக்கு நிதி திரட்டுவதாயின், அவர் கண் திறந்திருக்கும்போதே திரட்டுவோம். இவற்றைச் செய்யாதார்க்குப் படத்தின் முன் நின்று கண்ணீர் வடிக்கும் உரிமை இல்லை.