வரப்புச் சண்டைக்கு மடையை அடைக்கலாமா?



பாலவனத்தம் பக்கம் கண்மாய்த் தண்ணீரில் வெள்ளாமை பார்த்தவர்களுக்கு இது தெரியும். வரப்பில் தகராறு வந்தால் ஊர்க்கூட்டத்தில் பேசுவோம், கோர்ட்டுக்கும் போவோம். ஆனால் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் ஒருவர் மடையை அடைத்துவிட்டு, "என் வழக்கை முதலில் தீர்" என்றால் ஊர் பொறுக்காது. கருகப்போவது அடுத்தவர் பயிரும்தானே!

2025 அக்டோபர் 1 அன்று அமெரிக்காவில் அப்படி ஒரு மடை அடைபட்டது. மருத்துவக் காப்பீட்டுக்கான கூடுதல் மானியத்தை நீட்டித்தால்தான் செலவு மசோதாவுக்கு ஓட்டு என்றார்கள் ஜனநாயகக் கட்சியினர். அரசைத் திறந்த பிறகே அந்தப் பேச்சு என்றார்கள் குடியரசுக் கட்சியினர். செலவு மசோதா நிறைவேறாததால் 43 நாள் அரசு முடங்கியது. லட்சக்கணக்கான ஊழியர்கள் சம்பளமின்றித் தவித்தார்கள். நவம்பர் 12 அன்று அரசு திறந்தபோது மானிய நீட்டிப்பு கிடைக்கவில்லை. 2013-ல் இந்த மானியத்துக்கு அடிப்படையான காப்பீட்டுச் சட்டத்தைத் தடுக்க குடியரசுக் கட்சியினர் பிடித்த பிடிவாதத்தில் 16 நாள் முடங்கியது. சட்டம் அசையவில்லை. இரண்டு கட்சிகளும் ஆளுக்கொரு முறை மடையை அடைத்தும் கேட்டது கிடைக்கவில்லை.

நம் நாட்டில் அரசு இப்படி முடங்காது. மக்களவை நிதி ஒதுக்க மறுத்தால் ஆட்சியே போய்விடும். ஆனால் ஒன்றிய அரசிடமிருந்து மாநிலத்துக்கு வரும் நிதி நிற்கலாம். தேசிய நலவாழ்வு இயக்கத்தின் செலவைப் பெரும்பாலான மாநிலங்களோடு 60-க்கு 40 என்று ஒன்றிய அரசு பகிர்ந்துகொள்கிறது. சுகாதார நிலையங்களுக்கு 'ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்' என்று பெயர் வைக்க 2023-ல் அது சொன்னது. பெயர்ப் பிரச்சினையில் தங்கள் நிதி நிறுத்தப்பட்டதாகக் கேரளம், பஞ்சாப், மேற்கு வங்க அரசுகள் முறையிட்டன. கேரளம் 2024-ல் பழைய பெயரோடு புதிய பெயரையும் சேர்க்க இசைந்தது.

கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேட்பது ஒன்றிய அரசின் உரிமை. ஒரு திட்டம் தன் மக்களுக்குப் பொருந்தாது என்று வாதாடுவது மாநிலத்தின் உரிமை. அந்த வாதம் நாடாளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் நடக்கட்டும். அது முடியும்வரை மருந்துக்கும் செவிலியர் சம்பளத்துக்குமான பணம் நிற்கக் கூடாது.

சேர்ந்து செய்தால் என்ன ஆகும் என்பதற்கு விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியே சாட்சி. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் திறந்த 11 கல்லூரிகளில் அது ஒன்று. அந்த 11 கல்லூரிகளுக்கான சுமார் 4,000 கோடி ரூபாய்ச் செலவில் ஏறத்தாழ 2,145 கோடி ஒன்றிய அரசுடையது, மீதி மாநிலத்துடையது. அங்கே சிகிச்சைக்கு வருகிறவர் எந்த ரூபாய் யாருடையது என்று பார்ப்பதில்லை.

திருச்சுழிப் பக்கம் ஒரு பாட்டியம்மா, பிரஷர் மாத்திரை கொண்டுவரும் பெண்ணைப் பார்த்ததும் "இந்த மாசத்துக்கு வந்துருச்சா தாயி?" என்றுதான் கேட்டார். அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு மாதமும் "வந்துருச்சு பாட்டி" என்ற பதில் கிடைக்க வேண்டும். உங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தில் என்ன இருக்கிறது, எது வரவில்லை என்று எழுதுங்கள். வெளியிடக் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்